வயலில் வலைத்த மீன்

எங்கள் இணைப்பாளர் ஒரு தலைப்பைப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். தலைப்பு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகரும். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மேசன் தூக்குக்குண்டு பார்ப்பது போலப் பார்ப்பார். கொஞ்சம் கூடிவிட்டால் இரண்டு தட்டுப் பின்னுக்கு. பிறகு கதிரையில் சாய்ந்து, "ஹரி, இப்ப வடிவா வந்திட்டுது" என்பார். சிங்களத்துச் "சரி"யான அந்த "ஹரி"யை அவர் சிலாபத்தில் இருந்து கொண்டுவந்திருந்தார். தலைப்பு ஒருநாளும் நடுவில் நின்றதில்லை.

நான் அவரை வெறுத்தேன் என்று சொன்னால் அது பெரிய சொல்லாகிவிடும். வெறுப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எனக்கு அவர் மேல் இருந்தது இளக்காரம். காலையில் கந்தோருக்குள் நுழையும்போதே அது என்னோடு நுழையும், பின்னேரம் பஸ் ஏறும்போது என்னோடு ஏறும்.

கந்தோர் பாலாவிச் சந்தியில், ஒரு வன்பொருள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கரையோரக் கிராமங்களுக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் உதவி செய்யும் சின்னத் தொண்டு நிறுவனம். பணம் கொழும்பில் இருந்து இன்னொரு நிறுவனம் தரும், அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டில் யாரோ தருவார்கள். பணம் கீழே இறங்குவது போல அறிக்கைகள் மேலே ஏற வேண்டும். அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. மன்னாரில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, புத்தளத்தில் வளர்ந்தவள், பட்டம் முடித்தவள், மூன்று மொழியும் தெரிந்தவள் என்று என்னை எடுத்தார்கள். யன்னலைத் திறந்தால் லொறிப் புழுதி, மூடினால் வேர்வை. மேசையில் விரலால் பெயர் எழுதலாம்.

இணைப்பாளருக்குக் கணினி என்பது நிறம் போடத் தெரிந்த தட்டச்சு மெசின். வரி முடிவில் எண்டரைத் தட்டுவார். பக்கம் முடிய அடுத்த பக்கம் வரும்வரை எண்டரை எண்டராகத் தட்டுவார். உள்ளடக்கப் பக்கத்தைக் கையால் எழுதுவார்: தலைப்பு, அதற்குப் பிறகு புள்ளி, புள்ளி, புள்ளி, வரி ஓரம் வரை புள்ளி, கடைசியில் பக்க எண். நடுவில் ஒரு பந்தி சேர்த்தால் பக்கங்கள் எல்லாம் ஓடிவிடும். அப்போது என்னைக் கூப்பிடுவார். "மிஸ், இந்த நம்பர்கள ஒருக்காச் சரி பாருங்க." மறுநாள் இன்னொரு பந்தி சேர்ப்பார்.

"சேர், தலைப்புக்கெண்டு ஒரு பாணி இரிக்கி. அதத் தலைப்புகளுக்குக் குடுத்தா, உள்ளடக்கத்தக் கணினியே செஞ்சு தரும். பக்கம் மாறினா அதுவும் மாறும்" என்று ஒருமுறை சொன்னேன்.

"கணினிட்ட விட ஏலாது மிஸ். நம்மட கண்ணால பாக்கணும்."

"அப்ப எண்டரத் தட்டாம, பக்கத்த முறிக்கிற கட்டளையக் குடுங்க."

"நான் இந்த வேலைக்கு வரக்குள்ள நீங்க பள்ளிக்கூடத்துல."

அது உண்மை. அத்தனை வருடமும் எண்டரைத் தட்டியே கழித்திருக்கிறார் என்பதை அவர் ஒரு பெருமையாகச் சொன்னார்.

எனக்கு இது யாரும் சொல்லித் தந்த வித்தை இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும்போது நானும் புள்ளி வைத்தவள்தான். மேற்பார்வையாளர் நான்காம் அத்தியாயத்தை இரண்டாவதாக்கச் சொன்னதும் எல்லாம் குலைந்து, எண்கள் ஒன்றோடொன்று மோதி, நான் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு அந்த மென்பொருளின் மேல்வரிசையில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் பிடித்து மேலே இழுத்தால் அதன் வயிற்றில் உள்ளதெல்லாம் கூடவே போகும் என்று கண்ட அன்று, எனக்கு எழுதுவதில் இருந்த பயமே போய்விட்டது. எதையும் எங்கேயும் வைத்து எழுதலாம், பிறகு தூக்கி நகர்த்தலாம். அதற்குப் பிறகு ஸ்பேஸ் பாரால் தலைப்பை நகர்த்துகிறவர்களைப் பார்த்தால், செருப்பைத் தலையில் சுமந்துகொண்டு முள்ளில் நடப்பவர்களைப் பார்ப்பது போல இருக்கும்.

கந்தோருக்கென்று ஒரு மாதிரிக் கோப்புச் செய்து கொடுத்தேன். தலைப்புகள், பந்திகள், பக்க எண்கள் எல்லாம் ஒழுங்காக. இணைப்பாளர் அதைத் திறந்து, எழுத்தைச் சிவப்பாக்கி, ஓரமெல்லாம் பூக்கொடிச் சட்டம் போட்டு, "புதியது கடைசி சரியானது" என்று பெயரிட்டுச் சேமித்தார். அதன் பக்கத்திலேயே "புதியது கடைசி சரியானது 2" இருந்தது. எது சரியானது என்று அவருக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு முந்திய வருடம், வண்ணாத்திவில்லுப் பக்கத்து விவசாயிகளுக்கு விதை கொடுத்தோம். அந்த அறிக்கையை நான் எழுதினேன். சும்மா எழுதவில்லை, வெயிலில் வரம்பு வரம்பாக நடந்து, ஆட்களோடு கதைத்து எழுதினேன். யானைத் தொல்லை, குளத்தில் தண்ணீர் இல்லாத கதை, பெண்கள் நெல்லிச்சாறு செய்து விற்ற கதை, பழைய விதைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நடத்திய கவிதைப் போட்டி எல்லாம் அதில் இருந்தன. எனக்கு அந்த அறிக்கை பிடிக்கும். யாரும் வாசித்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பிடிக்கும்.

அடுத்த வருடம் மாம்புரியில், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் கரையில், மீனவர்களுக்கு வலை கொடுத்தோம். வலை கொடுத்த பிறகு நானும் போய்ப் பார்த்தேன். கருவாடு வாங்கிக் கொழும்புக்கு லொறி அனுப்பும் ஒரு அக்கா அங்கே பெண்கள் சங்கத்துத் தலைவி. வாய் காரம், கணக்கும் காரம். அவர் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு வலையை விரித்துக் காட்டினார்.

"பாருங்க மிஸ், கண்ணப் பாருங்க. இது ஆழக்கடல் வலை. எங்கட ஆக்கள் களப்புல பிடிக்கிற ஆக்கள். எங்கட மீன் இந்தக் கண்ணால வந்து, சுகம் விசாரிச்சிட்டு, அந்தப் பக்கத்தால போகுது."

இணைப்பாளரும் அன்று கூட இருந்தார். "அறிக்கையில போடுவம் அக்கா, கட்டாயம் போடுவம்" என்றார். நானும் குறித்துக்கொண்டேன்.

அறிக்கை எழுதும் நேரம் பார்த்து என் தங்கச்சியின் நிக்காஹ் வந்தது. லீவு எடுத்தேன். திரும்பி வந்தபோது இணைப்பாளர் மலர்ந்த முகத்தோடு இருந்தார். மேசையில் மாம்புரி அறிக்கை, சுருள் கம்பி போட்டு, பளபளக்கும் அட்டையோடு.

"நீங்க மாசக் கணக்கா எழுதுவீங்க மிஸ். நான் ஒரு பின்னேரத்துல முடிச்சிட்டன்."

"எப்பிடி சேர்?"

"அதெல்லாம் கொம்பியூட்டர் அறிவு."

நான் கையை நீட்டினேன். அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்ப பாக்க ஒண்டுமில்ல. கொழும்பால நோனா வாறா. ஊர் ஆக்களுக்கு முன்னால வாசிச்சுக் காட்டி, சங்கத்துக் கையொப்பம் வாங்கணுமாம். அங்க கேளுங்களன்."

அப்படித்தான் நாங்கள் மாம்புரிக் கோயிலின் மண்டபத்துக்குப் போனோம். பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு ஒலிவாங்கி, கடல் காற்று. முன்வரிசையில் பணம் தரும் நிறுவனத்துக் கொழும்பு நோனா, சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் விளங்கும். அவவுக்கு மொழிபெயர்க்க நான் பக்கத்தில். பின்னால் பெண்கள் சங்கம், அதற்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்ந்து நின்ற ஆண்கள். இணைப்பாளர் வெள்ளைக் கைநீளச் சட்டையில் எழும்பி வாசிக்கத் தொடங்கினார்.

முதல் பந்தியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த வசனம் என்னுடையது. அடுத்ததும் என்னுடையது. என் வண்ணாத்திவில்லு அறிக்கையை அவர் எடுத்து, தேடி மாற்றும் வசதியைக் கண்டுபிடித்து, விவசாயி இருந்த இடமெல்லாம் மீனவர், விதை இருந்த இடமெல்லாம் வலை, நெல் இருந்த இடமெல்லாம் மீன், குளம் இருந்த இடமெல்லாம் களப்பு, வயல் இருந்த இடமெல்லாம் கடல் என்று ஒரே அழுத்தில் மாற்றியிருந்தார். ஒருமுறை கூடத் திரும்பி வாசித்திருக்கவில்லை. ஊருக்கு முன்னால் நின்று வாசித்ததுதான் அவரது முதல் வாசிப்பு.

"மீனவர்களுக்கு வழங்கப்பட்ட வலைகள் நன்கு முளைத்துள்ளன" என்று வாசித்தார். குரலில் ஒரு தயக்கம் வந்தது, ஆனாலும் போய்க்கொண்டே இருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள்.

"இம்முறை களப்பு வற்றியதால் குளத்தில் நீர் இல்லை."

தமிழில் ஒரு சொல் நின்ற இடத்தில் நிற்காது. குளம் வாசலில் குளம், உள்ளே போனால் குளத்தில், குளத்துக்கு. கணினிக்கு அவர் வாசலில் நின்ற குளத்தை மட்டும் காட்டியிருந்தார். உள்ளே போன குளங்கள் எல்லாம் அப்படியே தப்பியிருந்தன. வயலும் அப்படித்தான். அடுத்த வசனம் இப்படி வந்தது: "வயலில் வலைத்த மீன் நல்ல விளைச்சல் தந்தது."

சுவரோரத்தில் நின்ற ஒருவர் சத்தமாகச் சிரித்தார். நோனா என்னைப் பார்த்து, என்ன சொன்னார் என்று கேட்டா. வயல் என்றேன், மீன் என்றேன், விளைச்சல் என்றேன். நான் பிழையாக மொழிபெயர்க்கிறேன் என்று அவ நினைத்திருப்பா.

"காட்டு யானைகள் இரவில் இறங்கி மீனவர்களின் மீன்லை…" இணைப்பாளர் நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "மீனை… தின்றுவிடுகின்றன."

இப்போது மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஒரு வயதான மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தப் பக்கத்தால ஏறுது? தோணியாலயா?" என்று மெய்யாகவே கேட்டார். பெண்கள் மீன்லிச்சாறு தயாரித்து விற்றதாக வந்தபோது ஒருத்தி சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் தாளை மடித்து வைத்திருப்பார்கள். இவர் வாசித்தார். நிறுத்தினால் பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"பாடசாலை மாணவருக்கிடையே கவலைப் போட்டி நடத்தப்பட்டு, சிறந்த கவலைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது."

கவிதை என்ற சொல்லின் வயிற்றுக்குள் ஒரு விதை இருக்கிறது. அதைக் கணினி கண்டது, சொன்னபடி வலையாக்கிவிட்டது. முழுச்சொல்லை மட்டும் தேடு என்று ஒரு பெட்டியில் சரி போட்டிருந்தால் போதும். ஒவ்வொன்றாகக் காட்டு, நான் பார்த்து மாற்றுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் போதும். அவருக்கு அந்தப் பெட்டி கண்ணில் படவில்லை, 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தான்தான் பட்டது.

சங்கத் தலைவி எழும்பினார். அவர் சிரிக்கவில்லை.

"சேர், ஒரு சின்னக் கேள்வி. கவலைப் போட்டியில முதலாம் இடம் ஆருக்கு? ஏனெண்டா எங்கட பிள்ளைகளுக்கு அதுல நல்ல பழக்கம். பரிசு இன்னும் வந்து சேரல்ல."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கும்வரை அவர் நின்றார்.

"சரி, இதெல்லாம் பகிடி. எங்கட வலையட கண் பெரிசு எண்டு நான் உங்களுக்குக் கரையில வச்சுக் காட்டினன். ஓம் எண்டீங்க. போடுவம் எண்டீங்க. அது எந்தப் பக்கத்துல இரிக்கி?"

இணைப்பாளர் தாள்களைப் புரட்டினார். இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்ணாத்திவில்லு விவசாயிகளுக்கு வலையின் கண் பற்றி என்ன முறைப்பாடு இருந்திருக்கும்?

"எங்கட பேரப் போட்டு வேற ஆக்கட கதைய எழுதிக் கொண்டந்து, கையொப்பம் கேக்குறீங்க. நாங்க போட மாட்டம்." அவர் உட்கார்ந்தார். அவரோடு எழும்பாமலேயே மற்றப் பெண்களும் ஒருமித்து உட்கார்ந்தது போல இருந்தது.

நோனா என் கையைத் தொட்டு, இந்த முறை ஒன்றையும் விடாமல் சொல்லச் சொன்னா. நான் சொன்னேன். யானையைச் சொன்னேன், விதையும் வலையும் கவிதையும் கவலையும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன், வலையின் கண்ணைச் சொன்னேன். அவ சிரிக்காமல் கேட்டா.

வேனில் திரும்பும்போது இணைப்பாளர் முன்சீட்டில் இருந்தார். நுரைச்சோலை தாண்டியதும் திரும்பிப் பாராமல் சொன்னார்:

"கொம்பியூட்டர் பிழைச்சுப் போச்சு மிஸ்."

வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் குறைவாக மதித்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் அந்தப் பிடரியை மதித்த அளவுக்குக் குறைவாக எதையும் மதித்ததில்லை. கணினி அவர் சொன்னதை, சொன்னபடி, ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. அந்த ஊரில் யாருடைய சொல்லையும் அவர் அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

அறிக்கையைத் திரும்ப எழுத நோனாதான் என்னை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டா. மடிக்கணினியோடும், கந்தோரில் தூசி பிடித்துக் கிடந்த ஒளிவீழ்த்தியோடும் அதே மண்டபத்துக்குப் போனேன். சுவரில் வெறும் பக்கத்தை விழுத்தினேன். முதலில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இன்னொரு கந்தோர்க்காரி என்றுதான் பார்த்தார்கள், அதில் பிழை சொல்ல ஏலாது.

வசனம் ஒன்றும் எழுதவில்லை. "என்னென்ன சொல்லணும், தலைப்ப மட்டும் சொல்லுங்க" என்றேன். ஒவ்வொருவராகச் சொல்ல, தலைப்புகளை அடித்துக்கொண்டு போனேன். வலையின் கண். ஐஸ் விலை. மண்ணெண்ணெய். தோணி இல்லாத பெண்களுக்கு வலை கிடைக்காத கதை. நன்றி என்று ஒரு தலைப்பை யாரோ முதலிலேயே போடச் சொன்னார்கள், மரியாதைக்கு.

"நன்றியக் கடைசியில போடு" என்றார் தலைவி. "முதல் கண்ணப் பத்திச் சொல்லு."

வலையின் கண்ணைப் பிடித்து மேலே இழுத்தேன். அது ஏறி முதலாவதாக நின்றது, மற்றவற்றின் எண்கள் தாமாக இறங்கின. பின்வரிசையில் இருந்து ஒரு "ஆ!" வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் விடவில்லை. ஐஸை மேலே ஏற்று, மண்ணெண்ணெயை அதோடு சேர், இதை இரண்டாகப் பிரி என்று மண்டபமே தலைப்புகளை இழுத்துச் சண்டை பிடித்தது. தோணி இல்லாத பெண்களின் கதையை எங்கே வைப்பது என்பதில் இரண்டு சகோதரிகள் முகம் திருப்பிக்கொண்டார்கள். எது எதற்கு முன்னால் என்று சண்டை பிடிக்கும்போதுதான் தங்களுக்கு எது பெரிய பிரச்சினை என்று அவர்களுக்கே தெளிந்தது. வண்ணாத்திவில்லு அறிக்கையை நான் தனியே மேசையில் எழுதியவள். அது இதைவிட வடிவான தமிழ், ஆனால் இதைப் போல நேராகப் பேசவில்லை.

பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதை உடனே வாசித்துக் காட்டினேன். ஒருவர் திருத்தச் சொன்னால், பழையதும் தெரிய, புதியதும் தெரிய, திருத்தத்தைத் தடம் காட்டும்படி விட்டேன். "அழிக்காத, கிடக்கட்டும், நாளைக்கி அவ வந்து நான் சொல்லல்ல எண்டுவா" என்று ஒருத்தி சொல்ல, அவ என்று சொல்லப்பட்டவள் அங்கேயே இருந்து முறைத்தாள். இடையில் குடிக்கவும் கடிக்கவும் பிளேன்டியும் பணிசும் வந்தன. கடைசியில் தலைவி கதிரையை விட்டு எழும்பி, சுவருக்குக் கிட்டப் போய் முழுவதையும் வாசித்துவிட்டு, கையொப்பம் போட்டார்.

இணைப்பாளர் அந்த அறிக்கைக்கு ஒரு முன்னுரை எழுதினார். தன்னுடைய வழிகாட்டலில் சமூகப் பங்கேற்புடன் தயாரிக்கப்பட்டது என்று. அதன் தலைப்பையும் நடுவில் நிறுத்த முயன்றிருந்தார். அப்படியே விட்டேன். அவருக்காக ஒரு பொத்தானை அழுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

கொழும்பில் இருந்து ஆட்கள் வந்து வலைகளைப் பார்த்தார்கள். அடுத்த பருவத்துக்குக் களப்புக்குத் தோதான கண்ணோடு வலை வந்தது. தோணி இல்லாத பெண்களுக்கு ஒன்றும் வரவில்லை. அது அடுத்த திட்டத்தில் என்றார்கள். இணைப்பாளர் பதவி உயர்ந்து தலைமைக் கந்தோருக்குப் போனார். சமூகப் பங்கேற்புடன் அறிக்கை எழுதுவது எப்படி என்று மற்ற மாவட்டத்து உத்தியோகத்தர்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவரை அனுப்பியவர்கள், அவரை உயர்த்தியவர்கள், அவரது வகுப்பில் இருந்து குறிப்பெடுப்பவர்கள் எல்லாரையும் சேர்த்து என் இளக்காரம் கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான். அந்த வருட முடிவில் நான் வேலையை விட்டேன். இப்போது வீட்டில் இருந்து ஆட்களுக்கு அறிக்கைகளும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுக்கிறேன்.

போன மாதம் மாம்புரித் தலைவி தொலைபேசியில் வந்தார். சங்கத்துக்கென்று ஒரு பழைய மடிக்கணினி வாங்கியிருக்கிறார்களாம். தோணி இல்லாத பெண்களுக்காக அவரே ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ், முதல் பக்கத்துக்கு நம்பர் விழாம, ரெண்டாம் பக்கத்துல இருந்து விழணும். எங்க இரிக்கி அது?"

சொன்னேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஆ, விழுந்திட்டுது. சரி வைக்கிறன், கருவாடு ஏத்த வந்திட்டாங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.